மூடின மைக்

உக்காருங்க அண்ணாச்சி. அந்தப் பெட்டி மேல வேண்டாம், உள்ள ஆம்ப்ளிஃபயர் இருக்கு. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஃபேனுக்கு நேரா உக்காருங்க.

நீங்க மென்னு முழுங்கிச் சொன்னது எனக்கு வெளங்கிட்டு. அப்பாவுக்கு எண்பதாங் கல்யாணம். அப்பா அந்தக் காலத்துல கோயில் கொடைத் திருவிழாவுல மேடையேறிப் பாடுனவரு. இப்ப மண்டபத்துல, சொந்தக்காரங்க அத்தனை பேரு முன்னாடியும் ஒரு பாட்டுப் பாடியே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்காரு. குரலு போயிட்டு. அது அவருக்குத் தெரியல. உங்களுக்குக் கூச்சமா இருக்கு. அவ்வளவுதானே? இதுக்கா அண்ணாச்சி தலையைக் குனியுதிய? பெத்த அப்பா நாலு பேரு முன்னாடி சிரிப்பாச் சிரிக்கக் கூடாதுன்னு நெனைக்கிறது தப்பா?

இதுக்கு வழி இருக்கு. தூத்துக்குடியில இத சுத்தமாச் செய்யத் தெரிஞ்சவன் இந்த செல்வின் மோத்தா ஒருத்தன்தான். பெருமைக்குச் சொல்லல. எங்க படிச்சேன்னு கேளுங்க. அமெரிக்காவுல. அந்தச் சுவத்துல போட்டோ பாத்தியளா, கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமா நாலு வெள்ளைக்காரனுவ, ஓரத்துல கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு நான். அவனுவ ஊரையே ஒரு காலத்துல ஆட்டி வச்ச பேண்டு. அவசர வேலை இருக்கா? இல்லல்லா. அப்ப கேட்டுட்டுப் போங்க. என் கையில நம்பிக்கை வந்துரும்.

பேண்டுக்குப் பேரு ‘சன்டே பார்க்கிங்’. ஞாயித்துக்கிழமை பேங்கு வாசல்ல வண்டி நிப்பாட்டுத இடம் காலியாக் கெடக்குமாம். ஒஹையோவுல ஒரு டயர் கம்பெனி ஊருல, ஒரே பள்ளிக்கூடத்துல படிச்ச நாலு பயலுவ அங்கன வாசிச்சுப் பழகுனதால அந்தப் பேரு. பன்னெண்டு வருசம் கல்யாண வீட்டுலயும் சாராயக் கடையிலயும் வாசிச்சானுவ. ஒரு நாயும் சீண்டல. தொண்ணூத்தெட்டுல ஒரு பாட்டு வந்திச்சு பாருங்க. ‘வாசல் லைட்டை அணைச்சிராத, நான் வந்துக்கிட்டே இருக்கேன்’. தமிழ்ல சொன்னா அதான் அர்த்தம். தூரத்துல வேலைக்குப் போன ஒருத்தன் வீட்டுல இருக்க புள்ளைக்குப் பாடுத மாதிரி. அந்த நாட்டுல ஒரு கார் பாக்கியில்லாம அந்தப் பாட்டு ஓடிச்சுன்னு சொல்லுவாங்க.

பாடுனவரு ரஸ். எழுதுனதும் அவருதான். அவரு மக நோராவுக்கு ஒரு வயசு ஆகும்போது எழுதுனது. பாட்டு ஓடுன ஓட்டத்துல அவரு வீட்டுக்கே போகல. எனக்கு இத நெனச்சா இப்பவும் சிரிப்பு வரும் பாத்துக்கிடுங்க.

அதுக்குப் பெறகு எல்லாப் பேண்டும் செய்யுத கூத்தைத்தான் இவனுவளும் செஞ்சானுவ. நாங்க சும்மா ரேடியோப் பாட்டுக்காரங்க இல்ல, பெரிய கலைஞருங்கன்னு காட்டணும்னு வயலின் எல்லாம் வச்சு, ஒவ்வொரு பாட்டும் ஏழு நிமிசம் எட்டு நிமிசம்னு இழுத்து ஒரு ஆல்பம் போட்டானுவ. ஊத்திக்கிட்டு. கிட்டார்க்காரன் வீடு விக்கிற தொழிலுக்குப் போயிட்டாம். பஸ் ஸ்டாப் பெஞ்சியில எல்லாம் அவன் பல்லைக் காட்டிக்கிட்டு இருக்க விளம்பரத்தை நானே பாத்திருக்கேன். இன்னொருத்தன் சாமியாராப் போன மாதிரி ஒரு சபையில சேந்துட்டாம். டிரம்ஸ் வாசிக்கிற கேரி மட்டும் வெவரமானவன். மத்தவனுவ சண்டை போட்டுக்கிட்டு இருந்த நேரத்துல பேண்டோட பேரைத் தன் பேருல பதிஞ்சுக்கிட்டாம். போனவனுவ எடத்துக்குக் கூலிக்கு வேற ரெண்டு பேரைப் பிடிச்சுப் போட்டாம். பெறகு ரஸ்ஸே அவன்கிட்ட வேலை பாக்குத ஆளாயிட்டாரு.

நான் வந்து சேந்தது அந்த நேரத்துல. கப்பல்ல சவுண்டு பாத்துக்கிட்டு இருந்தேன், டூரிஸ்ட் கப்பல். தொண்ணூறுகள்ல பதினஞ்சு வயசுல கேட்டுக் கிறுக்குப் பிடிச்ச பொம்பளப் புள்ளைங்களுக்கு இப்ப நாப்பது வயசு ஆயிட்டுல்லா, அவங்களுக்காகப் பழைய பேண்டுகளைக் கப்பல்ல ஏத்துவாங்க. கேரிக்கு என் வேலை பிடிச்சுப் போச்சு. விசா எல்லாம் அவனே பாத்துக்கிட்டாம். ஆறு வருசம் அண்ணாச்சி. சூதாட்ட ஹோட்டலு, கண்காட்சி, பூசணிக்காய்த் திருவிழா, எல்லா எடத்துலயும் நான்தான்.

இப்ப விசயத்துக்கு வாரேன். ரஸ்ஸுக்குக் குரலு போயிட்டு. சிகரெட்டு, குடி, வயசு. உச்சத்துக்குப் போக வேண்டிய எடத்துல காத்துதான் வரும். ஜனங்க முகத்தைச் சுழிச்சுக்கிட்டு எந்திரிச்சு ஐஸ்கிரீம் வாங்கப் போனாங்க. கேரி ஒரு நா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "செல்வின், இவரை இனி ஜனங்களுக்குக் கேக்க விடக் கூடாது. அவருகிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா உடைஞ்சு போயிருவாரு"ன்னாம்.

எவ்வளவு நல்ல மனசு பாருங்க. அவருகிட்டயே சொல்லி அசிங்கப்படுத்தாம காரியத்தை முடிக்கணும்னு நெனச்சாம்.

வேலை இப்படித்தான். மைக்குலருந்து ரெண்டு வழி போகும். ஒரு வழி வெளிய, ஜனங்க கேக்க பெரிய ஸ்பீக்கருக்கு. இன்னொரு வழி பாடுதவரு காதுக்குள்ள. மேடையில இப்ப எல்லாரும் காதுல சின்னதா ஒண்ண அடைச்சுக்கிட்டுத்தான் நிப்பாங்க, பாத்திருப்பிய. அதுல நான் என்ன குடுக்கேனோ அதுதான் அவருக்கு உலகம். பாட்டு ஆரம்பிச்ச உடனே வெளிய போற வழியை மூடிருவேன். கம்ப்யூட்டர்ல அவரோட பழைய குரலு, முப்பத்தாறு வயசுல ஒரு கச்சேரியில பாடுனது, அதை எடுத்து விடுவேன். ஜனங்களுக்கு அது கேக்கும். அவரு காதுல அவரு இப்பப் பாடுததையே லேசா மெழுகி, பூசி, வழவழன்னு குடுப்பேன். பாட்டு முடிஞ்சதும் மைக்கைத் திறந்துருவேன். "எல்லாரும் சௌக்கியமா, இந்த ஊரு பூசணி பிரமாதம்" அப்படி இப்படின்னு பேசுவாரு. அடுத்த பாட்டுக்கு மறுபடி மூடிருவேன். நாலு வருசம் அண்ணாச்சி. ஒரு தடவை கூடப் பிசகல.

அவருக்குச் சந்தேகமே வரலியான்னு கேக்கிய. வரல. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நா மேடையை விட்டு இறங்கி வந்து என் தோளைப் பிடிச்சு, "செல்வின், இன்னைக்கு என் குரலு திரும்ப வந்துட்டு, கேட்டியா?"ன்னாரு. கண்ணுல தண்ணி நிக்கி. "கேட்டேன் சார், அப்படியே பழைய குரலு"ன்னேன். பொய்யில்லல்லா. அன்னையிலருந்து அவரு ஆளே மாறிட்டாரு. குடிய விட்டாரு. காலையில நடக்கப் போனாரு. சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டாரு. ஒரு மனுசனுக்கு நான் வாழ்க்கையைத் திருப்பிக் குடுத்திருக்கேன். அத யாரு நெனச்சுப் பாக்கா?

அந்தத் தெம்புலதான் மகளைக் கூப்பிட்டாரு.

நோராவோட பதினோரு வருசமாப் பேச்சு வார்த்தை இல்ல. அதுக்குக் காரணம் உண்டு, பெறகு சொல்லுதேன். என் குரலு திரும்பிட்டு, ஒரு தடவை வந்து கேளுன்னு கடிதாசி மேல கடிதாசி போட்டிருக்காரு. அவ கடைசியில, வாரேன், ஆனா அம்மாவைப் பத்தி நீ சொல்ல வேண்டியதை அத்தனை பேரு முன்னாடியும் சொல்லணும், தனியாச் சொன்னா நாளைக்கு இல்லேன்னுருவன்னு பதில் போட்டாளாம். பிடிவாதக்காரி.

ஒஹையோவுல ஒரு மாவட்டக் கண்காட்சி. செப்டம்பர் மாசம், சாயங்காலம் நாலு மணி, நல்ல வெயிலு. ஒரு பக்கம் பரிசு மாடு, ஒரு பக்கம் சோளம் சுடுதான். மேடைக்கு முன்னாடி பிளாஸ்டிக் நாற்காலி. மூணாவது வரிசையில நோரா. மஞ்சள் சட்டை, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா.

மத்தியானமே ரஸ் என்கிட்ட வந்தாரு. "செல்வின், வாசல் லைட்டுப் பாட்டுல கடைசிச் சரணத்துக்கு முன்னாடி கிட்டாரு மட்டும் முப்பது செகண்டு வருமில்லா, அந்த எடத்துல நான் மககிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேன். மைக்கைப் பாத்துக்கோ."

"பாத்துக்கிடுதேன் சார்"ன்னேன்.

வேற என்ன சொல்ல? பேசுதவரு பாட்டுக்கு முன்னாடி பேசிருக்கலாம், பெறகு பேசிருக்கலாம். அப்ப மைக்கு திறந்துதான் இருக்கும். நடுவுலதான் பேசணுமாம், மியூசிக்கு பின்னால ஓடணுமாம். கலைஞரு. நான் கேரிகிட்டப் போயிச் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்ல. "முப்பது செகண்டுல அவரு முடிப்பாரா? முடிக்க மாட்டாரு. இவரு பேசிக்கிட்டு இருக்கும்போது பழைய குரலு பாட ஆரம்பிச்சிரும். அத்தனை பேருக்கும் தெரிஞ்சிரும். திறக்காத"ன்னாம். "அப்ப அவருகிட்ட நீங்க சொல்லுங்க, பாட்டு முடிஞ்சு பேசச் சொல்லுங்க"ன்னேன். "ஏன்னு கேட்டா என்ன சொல்ல?"ன்னாம். நியாயமான கேள்விதானே.

அந்த எடம் வந்திச்சு. கிட்டாரு வாசிக்காம். ரஸ் மேடை ஓரத்துக்கு வந்து மகளைப் பாத்து நின்னாரு. என் விரலு மைக்குப் பட்டன் மேல. சொன்னா நம்ப மாட்டிய, லேசா அழுத்திக்கூட இருந்தேன். டிரம்ஸ் பக்கத்துல என்கூடப் பேசன்னே ஒரு தனி மைக்கு உண்டு, அதுவழியா என் காதுல கேரி, "தொடாத"ன்னாம். விரலை எடுத்துட்டேன்.

எனக்கு முழுசாக் கேட்டிச்சு. எனக்கும் மேடையில வாசிச்சவனுவளுக்கும் மட்டும்.

"நோரா, இந்தப் பாட்டு உனக்கு எழுதுனது. எழுதிட்டு நான் வரல. உங்கம்மா சாகக் கெடந்தப்ப ஜப்பான்லருந்து பிளேன் கெடைக்கலன்னு சொன்னேன். கெடைச்சுது. டிக்கெட்டு கையில இருந்திச்சு. நான் ஏறல. அவளை அந்தக் கோலத்துல பாக்கப் பயந்தேன். நீ எட்டு நாளு வாசல் லைட்டை அணைக்காம வச்சிருந்தேன்னு உன் சித்தி பெறகு சொன்னா. பதினோரு வயசுல நீ தனியா..."

அதுக்குள்ள முப்பது செகண்டு முடிஞ்சிட்டு. கேரி சொன்னாம்லா, முடிக்க மாட்டாருன்னு. பழைய குரலு ஜோராக் கெளம்பிட்டு. ‘வந்துக்கிட்டே இருக்கேன் கண்ணே, வந்துக்கிட்டே இருக்கேன்.’

ஜனங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? ஒருத்தரு முப்பது செகண்டு சத்தமே இல்லாம வாயை அசைச்சாரு. பெறகு வேற என்னமோ பேசிக்கிட்டு இருக்காரு, ஸ்பீக்கர்ல அவரு பாட்டு கேக்கு. முதல்ல ஒருத்தன் சிரிச்சாம். பெறகு எல்லாரும். போனைத் தூக்கிட்டாங்க. சிரிப்பைப் பாத்து ரஸ்ஸுக்கு என்னமோ தட்டிருக்கு. பேச்சை நிப்பாட்டி, ஒரு காதுல அடைச்சிருந்ததைப் பிடுங்குனாரு. நாலு வருசத்துல முதல் தடவையா ஜனங்க கேக்குதது அவருக்கும் கேட்டிச்சு. வாய் மூடியிருக்கு, குரலு பாடிக்கிட்டு இருக்கு. தலையைச் சாச்சுக்கிட்டு, யாரு வீட்டுப் பாட்டோ மாதிரி கேட்டுக்கிட்டு நின்னாரு.

அடுத்து அவரு செஞ்சதுதான் அண்ணாச்சி தொழிலு. பத்து செகண்டு நின்னிருப்பாரு. மைக்கைத் தூக்கி வாய்க்கிட்ட வச்சாரு. பாட்டுக்கு வாயை அசைக்க ஆரம்பிச்சாரு. சரியா. ஒரு சொல்லு முந்தல, பிந்தல. கண்ணுலருந்து தண்ணி ஓடுது, வாய் சிரிச்ச மாதிரி அசையுது. கடைசி வரைக்கும் பாடி, சே, அசைச்சு முடிச்சாரு.

நோரா அப்பத்தான் எந்திரிச்சா. சிரிப்புச் சத்தம் வந்தப்ப கூட உக்காந்துதான் இருந்தா. அவரு வாயை அசைக்க ஆரம்பிச்சதும் எந்திரிச்சுப் பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. திரும்பிப் பாக்கல.

மேடைக்குப் பின்னாடி வந்தாரு. சத்தம் போடல. "எத்தனை நாளா?"ன்னாரு. "நாலு வருசமா சார்"ன்னேன். "நான் பேசுனதுல ஒரு வார்த்தை கூட அவளுக்குக் கேக்கலியா?"ன்னாரு. "கேக்கல சார்." பெறகு எல்லாரும் நிக்க எடத்துல, கூட்டத்துக்கு டீ குடுக்க வந்தவன் முதக்கொண்டு நிக்கான், என்னைப் பாத்து, "நீ திருடன்"ன்னாரு.

அண்ணாச்சி, நான் அந்தோணியாருக்கு வெளக்கேத்துத குடும்பத்துல பிறந்தவன். ஒரு கேபிள் வயரைக் கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல. என்னைப் பாத்து. கேரியை ஒரு சொல்லு சொல்லல, அவன் முதலாளி. பட்டனைத் தொட்டவன் நான்தானாம்.

வீடியோ பரவிட்டு. ஒரு வாரம் அந்த நாடே சிரிச்சுது. பத்திரிகைக்காரனுவ கேட்டப்பவும் ரஸ் என் பேரைச் சொல்லிட்டாரு. அதோட என்னை ஒரு பேண்டும் சேக்கல, ஊரு வந்து சேந்தேன். சன்டே பார்க்கிங் இப்பவும் ஓடுதாக்கும். கேரி, ரஸ் மாதிரியே பாடுத சின்னப் பய ஒருத்தனை வச்சு நடத்துதாம். நல்ல கூட்டமாம்.

இதுல இன்னொண்ணு இருக்கு. ஒவ்வொரு கச்சேரியிலயும் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாப் பதிவாகும். வெளிய மூடி இருந்தாலும் பதிவாகும். அன்னைக்கு அவரு பேசுனது முழுசும், அந்தா பாருங்க அந்த அலமாரியில, மேல் தட்டுல கறுப்பு டிஸ்க், அதுல இருக்கு. ரஸ்ஸுக்கும் அது தெரியும். நான் ஊருக்கு வந்த பெறகு எனக்கு மெயில் போட்டாரு. "செல்வின், அந்தப் பதிவை அனுப்பு, நான் நோராவுக்கு அனுப்பணும். நான் என்ன சொன்னாலும் அவ நம்ப மாட்டேங்குதா. அன்னைக்கும் சும்மா வாயை அசைச்சேன்னு நெனைக்கா." ரெண்டாவது மெயிலு போட்டாரு. மூணாவதும் போட்டாரு. மூணாவதுல ‘தயவுசெஞ்சு’ன்னு மட்டும் இருந்திச்சு.

நான் அனுப்பல.

ஏன் அனுப்பணும்? திருடன்னு சொன்னதுக்கு ஒரு சாரி. அவ்வளவுதான் நான் எதிர்பாத்தது. மூணு மெயில்லயும் தேடிப் பாத்தேன், அந்த ஒரு சொல்லு இல்ல. ஒரு மன்னிப்புக் கேக்க என்ன அண்ணாச்சி வலிக்கி? வாயைத் திறந்து ஒரு வார்த்தை. மனுசன்னா அது வேண்டாமா?

ரெண்டு வருசத்துல செத்துப் போயிட்டாரு. கேரி பேண்டோட ஃபேஸ்புக் பக்கத்துல ஒரு மெழுகுவத்திப் படம் போட்டு, கீழே அடுத்த கச்சேரித் தேதியும் போட்டிருந்தாம். பெறகு நோரா எழுதுனா எனக்கு. ‘அன்னைக்கு நான் மூணாவது வரிசையில இருந்தேன். அப்பா என்ன சொன்னாருன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு சாகுததுக்கு முந்தி சொன்னாரு. நெசமாவே ஏதாவது சொன்னாரா?’ன்னு. மரியாதையாத்தான் எழுதியிருந்தா, குறை சொல்ல முடியாது. பதில் போடணும். போடாம மூணு வருசம் ஓடிட்டு. இனிமே போட்டா, ஏன் இவ்வளவு நாளு போடலன்னு கேப்பால்லா?

கேக்கியளா அத? அஞ்சு நிமிசம் வேலைதான். மைக்கு எவ்வளவு தெளிவுன்னு தெரியும், மூச்சு வாங்குதது கூடக் கேக்கும். போன மாசம் வந்த பார்ட்டிக்குப் போட்டுக் காட்டுனேன், அசந்துட்டாங்க. வேண்டாமா? சரி, சரி. ஏன் வேர்க்குது உங்களுக்கு? ஃபேனைக் கூட்டி வைக்கவா?

நம்ம விசயத்துக்கு வாங்க. அப்பா பாடுன பழைய கேசட்டு இருக்குன்னு சொன்னிய. பாசி பிடிச்சிருந்தாலும் பரவாயில்ல, கொண்டாங்க, நான் தொடைச்சு எடுத்துருதேன். அப்பாவுக்குக் காதுல கேக்குத மிஷினு உண்டா? அதுலயே குடுத்துரலாம், வேலை இன்னும் சுலபம். மைக்குல பச்சை லைட்டு எரியும், அவருக்குச் சந்தேகமே வராது. முடிஞ்சதும் ஜனம் கை தட்டும். அவரு கண்ணுல தண்ணி நிக்கும். அந்த ஒரு நிமிசத்துக்காக நீங்க எனக்கு வாழ்க்கை பூரா நன்றி சொல்லுவிய.

என்ன சொல்லுதிய? பாட்டுக்கு நடுவுலயா? அம்மாவைப் பக்கத்துல கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லணும்னாரா? அம்மாகிட்ட என்ன சொல்லணுமாம்?

அது உங்ககிட்டயும் சொல்லலியா. சரி. எண்பது வயசுல மனுசன் என்னத்தப் பெருசாச் சொல்லிரப் போறாரு. சொல்லட்டும், தாராளமாச் சொல்லட்டும்.

நீங்க கேசட்டை மட்டும் கொண்டாங்க. மைக்கை நான் பாத்துக்கிடுதேன்.